ஈயைக் கொல்லாமல் ஈயினத்தை ஒழித்த கதிர்

(ஆயர் தாவாரில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பூச்சிகளின் உடலுக்குள் கதிர்வீச்சு என்ன இரசாயன மாற்றத்தைச் செய்கிறது என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இது பல்கலைக்கழகத்துச் சமாச்சாரமாயிற்றே, செம்பனைக்கு நடுவே வாழும் நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நான் மூன்று காரணம் சொல்கிறேன். பால்மரம் சீவிய காலத்திலிருந்தே நம் மக்கள் ஆடு மாடு வளர்க்கிறார்கள். மாட்டுப் புண்ணில் புழு வைப்பதைப் பார்க்காத தோட்டத்து வீடு கிடையாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரமாவது இருக்கும். பழத்துக்குப் பை கட்டாவிட்டால் உள்ளே புழுதான் மிஞ்சும். மூன்றாவது டிங்கி. 2019ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 1,30,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். இந்த மூன்றிலும் பூச்சி இருக்கிறது. இந்த மூன்றிலும் உலகம் கதிர்வீச்சைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறது.

முதலில் பயத்தைப் பேசுவோம்

பேராக் மாநிலத்தில் கதிர்வீச்சு என்ற சொல்லைச் சொன்னால் புக்கிட் மேரா நினைவுக்கு வரும். வர வேண்டியதுதான். ஈப்போவுக்கு அருகில் ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்கங்களில் மிஞ்சிய அமாங் மணலிலிருந்து கிடைக்கும் மோனசைட் கனிமத்தை எடுத்துப் பக்குவப்படுத்தினார்கள். அதில் தோரியம் கலந்த கழிவு மிஞ்சியது. 1985இல் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1993இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. அந்த மக்களின் போராட்டத்தை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். புக்கிட் மேராவில் பிரச்சினை கதிரியக்கப் பொருள். அது தூசியாகவும் கழிவாகவும் மண்ணில் கலக்கும், காற்றில் வரும், உடலுக்குள் போய்த் தங்கும், உள்ளேயிருந்து கதிரை வீசிக்கொண்டே இருக்கும். நான் இன்று பேசப்போவது கதிரை மட்டும். கோபால்ட்-60 என்ற பொருள் தடித்த கவசத்துக்குள் பூட்டி இருக்கும். அதன் காமா கதிர் பழத்தின் மீதோ பூச்சியின் மீதோ சில நிமிடம் படும். பிறகு பழம் வெளியே வந்துவிடும், கோபால்ட் உள்ளேயே இருக்கும். கோபால்ட் கதிரின் சக்தி அணுவின் கருவை மாற்றும் அளவுக்குப் பெரியதல்ல. ஆகவே கதிர் பட்ட பொருள் கதிரியக்கம் கொண்டதாக மாறாது. மருத்துவமனையில் எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறோமே, நம்மைத் தொட்டவருக்குக் கதிர் ஒட்டிக்கொள்கிறதா? இல்லை. அதே கணக்குதான் இதுவும்.

நெருப்பு வேறு, நெருப்பின் வெளிச்சம் வேறு. நெருப்பைப் பூட்டி வைத்தவர் ஒழுங்காகப் பூட்டி வைத்தாரா என்று கேட்பது நம் உரிமை. வெளிச்சம் பட்ட சுவரைத் தொட்டால் சுடும் என்று பயப்படத் தேவையில்லை.

கதிர் தண்ணீரைத்தான் தாக்குகிறது

நம் ஊருக்கு ஆயர் தாவார் என்று பெயர். மலாய் மொழியில் உப்பில்லாத நல்ல தண்ணீர் என்று பொருள். இன்றைய தலைப்புக்கும் அந்தத் தண்ணீர்தான் திறவுகோல்.

பூச்சியோ மனிதனோ, உயிரணுவில் பெரும்பங்கு தண்ணீர். கதிர் உடலுக்குள் பாயும்போது பெரும்பாலும் முதலில் தட்டுவது தண்ணீர் மூலக்கூறைத்தான். தண்ணீர் உடைகிறது. உடைந்த துண்டுகளில் ஹைட்ராக்சில் என்ற துண்டு பொல்லாதது. அது தனியாக நிற்காது. கண்மூடித் திறப்பதற்குள் பக்கத்தில் உள்ள எதையாவது பிடித்துக் கடித்துவிடும். கொழுப்பைக் கடித்தால் உயிரணுவின் சவ்வு கெடும். புரதத்தைக் கடித்தால் நொதிகள் வேலை செய்யாது. டி.என்.ஏ.வைக் கடித்தால் பரம்பரை ஏட்டின் இழையே அறுந்துபோகும். சில நேரம் கதிரே நேராகப் போய் டி.என்.ஏ.வை அறுப்பதும் உண்டு.

உடலும் சும்மா இருப்பதில்லை. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் என்று சில நொதிகள் இருக்கின்றன. பெயர்தான் நீளம், வேலை எளிது. ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் நச்சுத் துண்டுகளைப் பிடித்து அடக்கிவிடும் காவல்காரர்கள் அவை. நமக்கும் உண்டு, பூச்சிக்கும் உண்டு. பறக்கும் பூச்சி ஏராளமாக ஆக்சிஜனை எரிக்கிறது. ஆகவே இந்தக் காவல் அதற்கு அன்றாடத் தேவை.

தண்ணீர்தான் காரணம் என்பதற்கு ஓர் அதிசயமான சாட்சி உண்டு. ஆப்பிரிக்காவில் பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீரில் வாழும் ஒரு சிறு கொசு இனம் இருக்கிறது. கடிக்காத இனம். குழி வற்றினால் அதன் புழுவும் சருகாக வற்றிவிடும். உடலில் தண்ணீர் போன இடத்தில் டிரிஹேலோஸ் என்ற சர்க்கரை நிரம்பும். காய்ந்த உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தச் சர்க்கரைதான். நம் இரத்தத்தில் குளுக்கோஸ் ஓடுவதுபோல், பெரும்பாலான பூச்சிகளின் இரத்தத்தில் ஓடும் சர்க்கரை இதுதான். அந்தச் சருகுப் புழுவுக்கு 7,000 கிரே அளவு கதிர் கொடுத்த பிறகும், தண்ணீர் ஊற்றியதும் அது எழுந்து நெளிந்தது என்று ஜப்பானிய அறிஞர்கள் கண்டார்கள். தண்ணீர் குறைந்த உடலில் கதிர் செய்யும் சேதமும் குறைவு. எழுந்த பிறகு அறுந்த இழையைத் தைத்துக்கொள்ளும் திறமையும் அதற்கு அதிகம்.

கிரே என்பது உடல் வாங்கிக்கொள்ளும் கதிரை அளக்கும் அளவு. மனிதனின் உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 அல்லது 5 கிரே பட்டு, சிகிச்சையும் இல்லாவிட்டால் பாதிப் பேர் பிழைப்பது கடினம். அதோடு 7,000ஐ ஒப்பிட்டுப் பாருங்கள்.

கரப்பான் பூச்சி வீரனா?

அணுகுண்டு போட்டாலும் கரப்பான் பூச்சி மட்டும் பிழைக்கும் என்று சொல்வார்கள். கரப்பான் மனிதனைவிடப் பத்து மடங்குக்கு மேல் தாங்கும் என்பது உண்மை. ஆனால் பூச்சி உலகத்தில் அது பெரிய வீரன் அல்ல. பழத்தைச் சுற்றும் சிறு ஈ அதைவிட அதிகம் தாங்கும்.

காரணம் என்ன? 1906ஆம் ஆண்டிலேயே பிரான்ஸ் நாட்டு அறிஞர்கள் பெர்கோனியே, திரிபொந்தோ இருவரும் ஒரு விதியைச் சொன்னார்கள்: வேகமாகப் பிரிந்து பெருகும் உயிரணுக்களைத்தான் கதிர் அதிகம் கெடுக்கும். மனிதனின் எலும்பு மச்சையும் குடலும் நாள் தவறாமல் புதிய உயிரணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அதனால் நாம் சீக்கிரம் வீழ்கிறோம். வளர்ந்து முடிந்த ஈயின் கதை வேறு. அதன் சிறகு, கால், கண், மூளை எல்லாம் கட்டி முடித்த வீடு. அங்கே உயிரணுப் பெருக்கம் மிகக் குறைவு. பெருக்கம் மும்முரமாக நடப்பது முக்கியமாக இனப்பெருக்க உறுப்புகளில்.

இப்போது கவனியுங்கள். சரியான அளவில் கதிர் கொடுத்தால் ஈ சாகாது. பறக்கும், உண்ணும், துணை தேடும். ஆனால் அதன் விந்தணுவில் உள்ள பரம்பரை ஏடு மட்டும் துண்டு துண்டாகிவிடும். விந்தணுவும் நீந்தும், முட்டையோடு சேரும். அதற்குப் பிறகுதான் கரு வளர முடியாமல் முட்டைக்குள்ளேயே மடியும். பெண் ஈக்குத் தான் ஏமாந்தது தெரியாது. இந்த ஒரு நுணுக்கத்தின் மேல்தான் ஒரு பெரிய விஞ்ஞானமே எழுந்திருக்கிறது.

மாட்டுப் புண்ணிலிருந்து பிறந்த யோசனை

1916இல் அமெரிக்காவில் ரன்னர் என்பவர் புகையிலை வண்டுக்கு எக்ஸ்-ரே கொடுத்து, அது இடும் முட்டை பொரிப்பதில்லை என்று கண்டார். 1927இல் ஹெர்மன் முல்லர் பழ ஈக்களை வைத்து, எக்ஸ்-ரே பரம்பரைக் குணத்தையே மாற்றும் என்று நிரூபித்தார். 1946இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே நாட்டில் எட்வர்ட் நிப்ளிங் என்ற பூச்சியியலாளர் ஒரு பிரச்சினையோடு தவித்துக் கொண்டிருந்தார். ஸ்குரூவோர்ம் என்ற ஈ மாட்டின் சிறு காயத்தின் ஓரத்திலோ, கன்றின் தொப்புளிலோ முட்டையிடும். வெளிவரும் புழுக்கள் உயிருள்ள சதையைத் தின்னும். கவனிக்காவிட்டால் மாடு செத்துப்போகும். எத்தனை மருந்து அடித்தாலும் அடுத்த ஆண்டு ஈ திரும்பி வந்தது. நிப்ளிங் வேறு விதமாகச் சிந்தித்தார். இந்தப் பெண் ஈ பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறைதான் இணைசேரும். அந்த ஒரு முறையும் மலட்டு ஆணோடு நடந்துவிட்டால்? காட்டில் ஓர் ஆண் இருக்கும் இடத்தில் ஒன்பது மலட்டு ஆண்களை விட்டால் பத்துப் பெண்களில் ஒன்றுக்குத்தான் குஞ்சு. அடுத்த தலைமுறை சிறுத்துவிடும். மறுபடி விட்டால் இன்னும் சிறுக்கும். மருந்து அடித்தால் பூச்சி குறையக் குறைய தேடிக் கொல்வது கடினமாகும். இந்த முறையிலோ பூச்சி குறையக் குறைய வேலை எளிதாகும். ஏனென்றால் மலட்டு ஆணே காட்டுக்குள் போய்ப் பெண்ணைத் தேடிக்கொள்கிறது.

நிப்ளிங்கின் தோழர் புஷ்லண்ட் கூட்டுப்புழுக்களுக்கு எக்ஸ்-ரே கொடுத்துப் பார்த்தார். ஆணை மலடாக்க 25 கிரே போதும், பெண்ணுக்கு 50 கிரே என்று தெரிந்தது. கொடுக்கும் நாளும் முக்கியம். ஐந்தரை நாள் ஆன கூட்டுப்புழுவுக்குத்தான் கொடுக்க வேண்டும். அதற்கு முன் கொடுத்தால் சிறகும் காலும் உருவாகும் நேரம், ஈ ஊனமாகிவிடும்.

1954இல் கரீபியக் கடலில் உள்ள குராசோ தீவில் சில மாதங்களில் அந்த ஈ அடியோடு மறைந்தது. 1959இல் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள், 1991இல் மெக்சிகோ, 2006இல் பனாமா வரை என்று எல்லை தள்ளிக்கொண்டே போனது. 1988இல் வட ஆப்பிரிக்காவின் லிபியாவுக்குள் அந்த ஈ நுழைந்தது. ஆப்பிரிக்கா முழுவதும் பரவியிருந்தால் ஏழை மக்களின் மாடும் ஆடும் போயிருக்கும். மெக்சிகோவிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ 130 கோடி மலட்டு ஈக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1991இல் ஒழிந்தது.

நம் மாட்டுப் புண்ணில் முட்டையிடும் ஈ அதன் ஆசிய உறவுக்காரன். பழக்கம் ஏறக்குறைய ஒன்றே. இந்த ஈ தங்கள் நாட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று ஆஸ்திரேலியா அஞ்சியது. அதனால் 1990களில் மலேசியாவோடு சேர்ந்து ஜொகூர் குளுவாங்கில் உள்ள கால்நடை நிலையத்தில் ஒரு சோதனைக்கூடம் அமைத்து, இந்த ஈயைப் பெருமளவில் வளர்க்கவும் மலடாக்கவும் வழி ஆராய்ந்தார்கள். இந்த விஞ்ஞானம் நம் நாட்டுக்குப் புதியதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் மலேசியா ஒரு தனித் தீவு அல்ல. நான்கு பக்கமும் அந்த ஈ இருக்கும் நிலத்தில் ஒரு மாவட்டத்தை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. ஆகவே மாடு வைத்திருப்போர் காயத்தையும் கன்றின் தொப்புளையும் தினமும் பார்த்து, உடனே மருந்து போடுவதுதான் இன்றைக்கும் நமக்குக் காவல்.

மலட்டு மாப்பிள்ளைக்கும் மணம் வேண்டும்

மலடாக்கிவிட்டால் மட்டும் போதாது. கதிர் பட்ட ஆணைப் பெண் ஏற்க வேண்டுமே! கதிரின் இரசாயனச் சேதம் கொஞ்சம் கொஞ்சம் எல்லா இடத்திலும் இருக்கும். தசையில் பட்டால் பறக்கும் பலம் குறையும். குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்தால் சத்து ஏறாது. பருத்திக் காய் வண்டைப் போன்ற சில பூச்சிகளின் குடல் உயிரணுக்கள் தொடர்ந்து பெருகுபவை. அவற்றை மலடாக்கும் அளவு கதிர் கொடுத்தாலே குடல் கெட்டு அவை செத்துவிடும். அதனால்தான் எல்லாப் பூச்சிக்கும் இந்த முறை ஒத்துவரவில்லை.

இதற்கும் வழி கண்டார்கள். கூட்டுப்புழுவை ஆக்சிஜன் குறைந்த பையில் அடைத்தோ, நைட்ரஜன் வாயுவில் வைத்தோ கதிர் கொடுத்தால் உடல் சேதம் குறைகிறது. தண்ணீர்த் துண்டுகளோடு ஆக்சிஜன் சேரும்போதுதான் அழிவு பெருகும். ஆக்சிஜனை எடுத்துவிட்டால் கூட்டாளி இல்லை.

இன்னொரு வழி நம் வடக்கிலேயே ஆராயப்பட்டது. கொய்யாவையும் மாம்பழத்தையும் கெடுக்கும் பழ ஈயின் ஆணுக்கு மீதைல் யூஜினால் என்ற வாசனைப் பொருள் மேல் தீராத ஆசை. நம் துளசியிலும் அது இருக்கிறது. அதனால்தான் மாந்தோப்பில் துளசிச் சாறு வைத்து ஆண் ஈக்களைப் பிடிக்கிறார்கள். அந்த ஈ ஏன் அதைத் தேடுகிறது? பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் தான் கெங் ஹோங், ஜப்பானைச் சேர்ந்த நிஷிதா ஆகியோரின் ஆய்வுகள் இதைத் துலக்கின. ஆண் ஈ அதை உண்டு, உடலுக்குள் வேறு பொருளாக மாற்றி, பின்பக்கச் சுரப்பியில் சேர்த்து வைத்து, அந்தி நேரத்தில் பெண்ணைக் கவரும் மணமாக வெளியிடுகிறது. மலட்டு ஆணுக்கும் அதைக் கொடுத்து அனுப்பினால் பெண் அதை விரும்பி ஏற்கிறது.

கொசுவும் பழமும்

கொசுவுக்கு வருவோம். கடிப்பது பெண் கொசு மட்டும்; ஆண் கொசு கடிக்காது. ஏடிஸ் ஆணை மலடாக்க ஐம்பது கிரே அளவு போதும். ஆனால் ஆணையும் பெண்ணையும் பிழையின்றிப் பிரிப்பது கடினம். சீனாவின் குவாங்சோ நகரிலும் சிங்கப்பூரிலும் இரண்டு முறைகளைச் சேர்த்தார்கள். வோல்பேக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய ஆண் கொசுக்களை விடுவது ஒன்று. தப்பித் தவறிக் கலந்துவிட்ட பெண் கொசுவும் பெருகாமல் இருக்க இலேசான எக்ஸ்-ரே கொடுப்பது மற்றொன்று. குவாங்சோ ஆய்வு 2019இல் வெளியானது. சோதித்த இடங்களில் கொசு ஏறக்குறைய இல்லாமல் போனது.

நம் நாட்டில் சுகாதார அமைச்சு விடும் வோல்பேக்கியா கொசு வேறு வகை. அதில் கதிர்வீச்சே இல்லை. ஆணும் பெண்ணும் விடப்பட்டு, அந்தக் கொசுக்களே ஊரில் நிலைத்து, டிங்கிக் கிருமியைப் பரப்பும் திறன் குறைந்த இனமாக மாற வேண்டும் என்பது திட்டம். சிலாங்கூரில் 2017 முதல் சோதித்த இடங்களில் டிங்கி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. 2010 இறுதியில் பகாங் பெந்தோங்கில் விட்டது மரபணு மாற்றிய ஆண் கொசு. அது மூன்றாவது வகை. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, ‘கதிர் பாய்ச்சிய கொசுவை விடுகிறார்கள், பிள்ளைகளைக் கடித்தால் என்ன ஆகும்’ என்று கைத்தொலைபேசியில் செய்தி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அனுப்புமுன் எந்தக் கொசு என்று கேளுங்கள்.

பழத்துக்கு வந்தால், 2007இல் இந்தியாவின் அல்போன்சா மாம்பழம் நீண்ட காலத்துக்குப் பிறகு அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்தது கதிர்வீச்சால்தான். மகாராஷ்டிராவின் லாசல்காவ் நிலையத்தில் 400 கிரே கொடுத்து அனுப்பினார்கள். கொட்டைக்குள் இருக்கும் வண்டு உடனே சாகாமல் இருக்கலாம். ஆனால் இனம் பெருக்காது. பழ ஈக்கு 150 கிரே போதும் என்று அனைத்துலக விதி உண்டு. நம் நாட்டில் அணுசக்தி ஆய்வு நிறுவனத்தின் சினகாமா நிலையம் 1989 முதல் கோபால்ட் கதிரைக் கொண்டு மருத்துவக் கருவிகளையும் பிற பொருள்களையும் தூய்மைப்படுத்தி வருகிறது.

எல்லாம் நன்மை என்று சொல்ல வரவில்லை

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிப் போவது நியாயமல்ல. 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நேர்ந்த அணு உலை விபத்தால் கதிரியக்கப் பொருள் புல்லிலும் இலையிலும் படிந்தது. அந்த இலையைத் தின்ற சிறு நீல வண்ணத்துப்பூச்சிகளில் சிறகு குறைந்தும் கண் சிதைந்தும் பிறந்தவை இருப்பதாக ஓக்கினாவா ரியூக்யு பல்கலைக்கழகத்தினர் 2012இல் எழுதினார்கள். அந்த முடிவை மறுத்து வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் கதிர் வெளியே இருந்து சில நிமிடம் படுவதும், கதிரியக்கப் பொருள் உணவோடு உள்ளே போவதும் ஒன்றல்ல என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இரண்டாவது, இந்த வெற்றிகள் காவல் இருக்கும்வரைதான். பனாமாவில் தடுத்து நிறுத்திய ஸ்குரூவோர்ம் ஈ 2023இல் மீண்டும் தலையெடுத்து வடக்கே நகர்ந்தது. 2024 நவம்பரில் மெக்சிகோவின் தென்கோடியில் கண்டுபிடிக்கப்பட்டது. முப்பது ஆண்டு உழைப்பு, சில ஆண்டுத் தளர்ச்சியில் பின்னுக்குப் போனது.

ஆகவே நேயர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நாளை உங்கள் தாமானுக்கோ கம்பத்துக்கோ யாராவது பெட்டியோடு வந்து பூச்சி விடப் போகிறோம் என்றால், ஓடவும் வேண்டாம், கண்ணை மூடித் தலையாட்டவும் வேண்டாம். நான்கு கேள்வி கேளுங்கள். விடுவது ஆணா, பெண்ணா? கதிர் பட்டதா, பாக்டீரியா ஏற்றியதா, மரபணு மாற்றியதா? கதிர் என்றால் அதன் மூலப்பொருள் எங்கே இருக்கிறது, யார் காவல், பழசானால் எங்கே கொண்டு போவார்கள்? விட்ட பிறகு யார் கணக்கெடுத்து எங்களுக்குச் சொல்வார்கள்? புக்கிட் மேரா மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்டதும் இப்படிப்பட்ட கேள்விகளைத்தான். முன்கூட்டியே விடை கிடைத்திருந்தால் அவர்கள் நீதிமன்றப் படி ஏறியிருக்க வேண்டியதில்லை.

விஞ்ஞானத்துக்குப் பயப்படும் சமூகமும் முன்னேறாது, விஞ்ஞானத்தைக் கேள்வி கேட்காத சமூகமும் முன்னேறாது. நம் பிள்ளைகள் அறிவியல் பிரிவை எடுக்கத் தயங்குகிறார்கள் என்று கவலைப்படுகிறோம். ஒரு கொய்யாப் பழத்துப் புழுவிலிருந்து நோபல் பரிசு வரைக்கும் பாதை போகிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அதுவரை, கதிரும் வேண்டாம் பாக்டீரியாவும் வேண்டாம், நம் கையாலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை பூந்தொட்டித் தட்டையும், பழைய டயரையும், கூரைத் தகரத்தின் நீர்க்காலையும் பாருங்கள். தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் வேண்டும். அதற்குள் நாம் முந்திக்கொள்ளலாம்.